மாடி அறையில் ஒலிப்பதிவு: மைக்கையும் மிடிக் கருவிகளையும் இன்டர்ஃபேஸில் இணைக்கும் முறை

புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கானா பாடுகிறவர்களில் பலருக்கு இன்று வீட்டு மாடி அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிட்டது. ஒரு லேப்டாப், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், கச்சேரிக்கு எடுத்துச் செல்லும் கீபோர்டு அல்லது தட்டித் தாளம் வாசிக்கும் ரிதம் பேட் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். இவற்றை இணைக்கும்போது பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். மைக் கேபிளில் வருவது ஒலி. கீபோர்டையும் பேடையும் கணினியோடு பேசவைக்கும் மிடி கேபிளில் வருவது ஒலியன்று, எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தமாகத் தட்டினார்கள், எப்போது விட்டார்கள் என்கிற செய்தி மட்டுமே. இந்த வேறுபாடு மனத்தில் நின்றுவிட்டால் கீழே சொல்லப்போகிற பலவும் தாமே விளங்கும்.

முதலில் மைக். இன்டர்ஃபேஸில் மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயின் திருகை முழுவதும் குறைத்துவிட்டு, மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிளைச் செருக வேண்டும். மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக்காக இருந்தால் அதற்குப் பிறகே, கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பேண்டம் பவரைப் போட்டு, சில நொடிகள் பொறுத்துக் கெயினை ஏற்ற வேண்டும். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்ற வேண்டும். மேடைகளில் பாடகர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் டைனமிக் மைக்குக்கு இந்த மின்சாரம் தேவையில்லை. ஆயினும் சில இன்டர்ஃபேஸ்களில் இரண்டு உள்ளீடுகளுக்கும் ஒரே 48 வோல்ட் பொத்தான்தான் இருக்கிறது என்பதால், இரண்டு வகை மைக்குகளையும் ஒன்றாக இணைத்துவிட்டோமே என்று அஞ்ச வேண்டாம். கேபிள் பழுதில்லாத எக்ஸ்எல்ஆர் கேபிளாக இருக்கும்வரை டைனமிக் மைக்குக்குத் தீங்கு நேராது. மெல்லிய உலோகத் தகட்டால் ஒலியைப் பிடிக்கும் பழைய ரிப்பன் மைக்கை மட்டும் இதிலிருந்து விலக்கி வைப்பது நல்லது.

கண்டென்சர்தான் உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். ரயில் பாதையை ஒட்டிய வீட்டில், அது பாட்டோடு சேர்த்து ரயிலையும் தெருவில் போகும் ஆட்டோவையும் துல்லியமாகப் பதிவுசெய்து கொடுக்கும். அத்தகைய அறையில் வாய்க்கு அருகே பிடித்துப் பாடும் டைனமிக் மைக்கையே நான் தேர்ந்தெடுப்பேன். கெயினைச் சரிபார்க்க "ஹலோ, மைக் டெஸ்ட்" என்று மெல்லப் பேசிப் பார்ப்பதில் பயனில்லை. பாடகர் தம் பாட்டில் குரலை மிக உயர்த்தும் அடியையே பாட வேண்டும். அப்போது அளவுமானியின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்க வேண்டும். ஒலியின் ஏற்ற இறக்கங்களை நுணுக்கமாகக் குறிக்கும் 24 பிட் பதிவில், பின்னர் ஒலியைக் கூட்டிக்கொள்ளத் தாராளமாக இடம் உண்டு. ஆனால் சிவப்பைத் தொட்டு உடைந்த குரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

இனி மிடி. 1983 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்த ஏற்பாட்டில், கீபோர்டின் 'அவுட்' துளையிலிருந்து வரும் ஐந்து முனைக் கேபிள் இன்டர்ஃபேஸின் 'இன்' துளைக்குச் செல்ல வேண்டும். இன்டர்ஃபேஸில் மிடித் துளை இல்லையென்றால், கீபோர்டின் யூஎஸ்பி கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினாலே போதும். யூஎஸ்பி துளையும் இல்லாத பழைய கீபோர்டுக்கு யூஎஸ்பி மிடி கேபிள் வாங்க நேரும். அதன் முனைகளில் அச்சிட்டிருக்கும் 'இன்', 'அவுட்' ஆகிய சொற்கள் கேபிளைக் குறிக்கின்றனவா, கருவியைக் குறிக்கின்றனவா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. ஒரு மாலை முழுவதும் மென்பொருளைக் குறைசொல்லிவிட்டு, இறுதியில் இரண்டு முனைகளையும் இடம் மாற்றியவுடன் வேலை முடிந்த அனுபவம் எனக்கு உண்டு.

ரிதம் பேடின் மிடி சேனலை 10 என்று வைத்தால், பொது மிடி முறையைப் பின்பற்றும் ஒலிக் கருவிகள் அதைத் தாளமாகவே எடுத்துக்கொள்ளும். கீபோர்டில் ஒரே சுரம் இரண்டு முறை கேட்டால், கட்டையைத் தட்டியதும் கீபோர்டின் சொந்த ஒலியை எழுப்பும் 'லோக்கல் கண்ட்ரோல்' அமைப்பை அணைத்துவிட வேண்டும். மாறாக, கீபோர்டின் சொந்த ஒலியே வேண்டுமென்றால் மிடி உதவாது. அதன் இடது, வலது ஆடியோ வெளியீடுகளை, மைக்கைவிட வலுவான ஒலிக்கான 'லைன்' நிலையில் வைத்த இரண்டு உள்ளீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். அப்போது மைக்குக்கு இடமிராது என்பதால் குரலைத் தனியாகப் பதிவுசெய்ய நேரும்.

பாடியதும் வாசித்ததும் ஹெட்போனில் சற்றுப் பிந்திக் கேட்கும் தாமதம் பற்றியும் சொல்ல வேண்டும். 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானை அழுத்தினால், குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். மிடிக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. ஒலியே கணினிக்குள்தான் பிறக்கிறது. ஆகவே வாசித்துப் பதிவுசெய்யும்போது பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கையை, 128 சாம்பிளில் வைக்க வேண்டும். வினாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48,000 ஹெர்ட்ஸில் அது சுமார் 2.7 மில்லி வினாடி. 1024 என்றால் சுமார் 21 மில்லி வினாடி ஆகி, பேடில் தட்டுகிறவருக்குக் கை பின்தங்குவதுபோலத் தோன்றும். விண்டோஸ் கணினியில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை நிறுவிய பிறகே இந்த எண்களைத் தொட வேண்டும்.

எல்லாம் இணைத்தபின் ஓர் இரைச்சல் மட்டும் விடாமல் கேட்டால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கவும். இரைச்சல் நின்றுவிட்டால் குறை மின்னிணைப்பின் பக்கம் இருக்கிறது. சார்ஜரையும் கீபோர்டையும் ஒரே பிளக் பலகையில் செருகி மறுபடி சோதிக்கலாம். காசிமேடு, ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் கேபிள் முனைகள் களிம்பேறுவதும் உண்டு. எனவே வேலை முடிந்ததும் கேபிள்களைச் சுருட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுவது என் வழக்கம்.