தேரூர் குளத்தங்கரையில் பிள்ளைகளோடு ஒரு காலை: எப்படி நடத்துவது

கன்னியாகுமரி மாவட்டத் தேரூர் குளத்துக்குப் பறவை பார்க்க முதல் தடவை நான் கூட்டிக்கொண்டு போனது நாற்பது பிள்ளைகளை. ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், சரி என்று தலையாட்டிவிட்டேன். வெள்ளைச் சட்டைச் சீருடை, இரண்டு வேன், காலை ஒன்பதரை மணி. வேன் கதவைத் திறந்ததும் எல்லாரும் ஒரே ஓட்டமாகக் கரையில் ஏறினார்கள், குளத்தில் கிடந்த கூழைக்கடாக்கள் மொத்தமும் எழும்பி ஒரு வட்டம் அடித்துவிட்டு சுசீந்திரம் பக்கமாகப் போய்விட்டன. மிச்சம் நாலு நாமக்கோழியும் கழுத்தளவு தண்ணீரில் ஒரு எருமையும்தான். அன்றைக்குப் பிள்ளைகள் எருமையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் பல வருஷம் இதைச் செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட கணக்கு இது: பிள்ளைகள் பன்னிரண்டு, பெரியவர்கள் மூன்று, கரை ஒன்று, நேரம் இரண்டு மணி. இதில் எதையும் கூட்டாதீர்கள். ஒரே நாளில் தேரூர், சுசீந்திரம், மணக்குடி, மதியத்துக்குமேல் வட்டக்கோட்டை என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சுற்றுலா. அதே பன்னிரண்டு பேரை அதே கரைக்கு மாதம் ஒருமுறை கூட்டிப் போனால் மூன்றாவது மாதத்தில் "போன தடவை இங்கே இருந்த வாத்து எங்கே?" என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை நாம் என்ன பேசினாலும் அது பாடம் எடுக்கிற மாதிரிதான் இருக்கும்.

ஏன் தேரூர் என்று கேட்டால், பக்கம் என்பதுதான் முதல் காரணம். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரமே ஐந்து கிலோமீட்டர் சுமாருக்குத்தான், அங்கிருந்து தேரூர் கூப்பிடு தூரம். இரண்டாவது, இது சாதாரணக் குளம் இல்லை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு 94.23 ஹெக்டேர். இதுவரை இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன, அதில் 53 வலசை வருபவை. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே இறங்குகிற வலசைப் பாதைக்கு இந்திய நிலப்பரப்பில் கடைசி முனை நம் மாவட்டம், அதற்குக் கீழே கடல்தான். இதையெல்லாம் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஒரு நீலச்சிறகியைப் பைனாகுலரில் பார்த்து முடித்த பிறகு, "இது இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், அப்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் வயலில் நிற்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், வலசைப் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பு நடக்கிற வயலில் கொக்குக் கூட்டம் இயந்திரத்துக்குப் பின்னாலேயே நடப்பதைப் பார்க்கலாம், அது தனிக் காட்சி. கோடையில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் நாரைகள் கூடும், ஆனால் வெயில் பிள்ளைகளை அடித்துப் போட்டுவிடும், ஏழரைக்கே திரும்பிவிடுங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டிவிடும், எனவே ஆறேகாலுக்குக் கரையில் நின்றால் சரியாக இருக்கும். நிற்கும்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான், பிறகு நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வித்தியாசம் சொல்லி மாளாது.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் வனத்துறை அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இது பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடம், கூட்டமாகப் போகும்போது சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள், யாருக்காவது வலிப்பு, இழுப்பு உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும். கரை சரிவு ஈரமாக இருந்தால் வழுக்கும், மடைப் பக்கம் யாரையும் விடாதீர்கள். புல்லுக்குள் விரியன் இருக்கலாம், ஆகவே செருப்பு இல்லை, ஷூ. குளத்தங்கரை ரோட்டில் பைக்குகள் வரும் வேகம் பாம்பைவிடப் பயம், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெரியவர் நிற்க வேண்டும்.

பைனாகுலர் நான்கு பேருக்கு ஒன்று போதும். 8-க்கு 42 என்று கேட்டு வாங்குங்கள், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு காட்டுவது நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் சின்னக் கையில் அது ஆடும், பறவைக்குப் பதில் வானம்தான் தெரியும். உடுப்பு மண்நிறம், பச்சை, எதுவானாலும் சரி, பளிச்சென்ற வெள்ளையும் மஞ்சளும் வேண்டாம். தின்பதற்கு வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது, இரண்டு குலை மட்டிப்பழம், ஒரு தூக்குவாளியில் அவித்த மரச்சீனிக்கிழங்கு, காந்தாரி மிளகாய்த் துவையல். பொட்டலம் எதுவும் பிரிக்கத் தேவையில்லை, குப்பையும் இல்லை.

கரைக்கு வந்ததும் முதல் பத்து நிமிடம் ஒன்றும் செய்யக் கூடாது. உட்கார வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் நெளிவார்கள், ஒருவன் இன்னொருவனைக் கிள்ளுவான், விடுங்கள். ஆறேழு நிமிடத்தில் தாமரை இலைகளுக்கு நடுவே ஏதோ ஒன்று அசையும், நாம் வந்ததும் ஒளிந்த தாழைக்கோழி மறுபடி வெளியே வரும், ஒருத்தி விரலை நீட்டுவாள். அந்தக் கணத்திலிருந்து வேலை சுலபம்.

எண்ணச் சொல்லிக்கொடுங்கள். அடையாளம் கண்டுபிடிப்பதைவிட எண்ணுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, ஏன் என்று எனக்குத் தெரியாது. முந்தின நாளே வீட்டில் புளியங்கொட்டையை வைத்துப் பழக்கலாம்: ஒரு கை அள்ளித் தரையில் வீசி, ஐந்து எண்ணுவதற்குள் துண்டால் மூடிவிட்டு, எத்தனை என்று கேளுங்கள். முதலில் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். பிறகு பத்துக் கொட்டை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்க்கச் சொல்லி, அந்த அளவில் எத்தனை கூறு இருக்கிறது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். மறுநாள் குளத்தில் இருநூறு சீழ்க்கைச்சிறகி மிதந்தாலும் இதே வித்தைதான், ஒரு மாதத்தில் உங்களைவிட அவர்கள் கிட்டத்தில் சொல்வார்கள்.

எல்லாப் பறவைக்கும் பெயர் சொல்ல முயலாதீர்கள். ஒரு நடைக்கு ஐந்து போதும், ஐந்திலும் ஒரு கதை இருக்க வேண்டும். குருட்டுக்கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள், நிற்கும்போது சேற்று நிறம், பத்தடி பக்கத்தில் போனாலும் தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அப்படியே நிற்கும், பறந்தால்தான் சிறகு முழுக்க வெள்ளை என்று தெரியும். நீர்க்காகம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கம்பத்தில் நிற்பது வேறொன்றுமில்லை, முங்கி எழுந்ததில் இறகு நனைந்திருக்கிறது, காயப்போடுகிறது. நீளவால் இலைக்கோழியில் அப்பாதான் அடைகாத்துக் குஞ்சையும் பார்த்துக்கொள்ளும், இதைச் சொன்னால் அம்மாமார் சிரிப்பார்கள். ஆனால் ஜனவரியில் அந்த நீள வாலைத் தேடாதீர்கள், அது இனப்பெருக்க காலத்துக்கு மட்டும் வருகிற வால், மற்ற நாளில் சாதாரண வால்தான்.

இரண்டு வருஷம் முன்னால் நான் நத்தைகுத்தி நாரையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசிக்கொண்டிருந்தேன், மூக்கு ஏன் மூடாமல் நடுவில் சந்து விட்டிருக்கிறது, அது இது என்று. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். வயலுக்கு மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, வரப்போரம் குனிந்து எதையோ எடுத்து ஒரு பையன் கையில் வைத்தார். நத்தை ஓடு, எலுமிச்சங்காய் அளவு. எங்கும் ஒரு கீறல் இல்லை. உள்ளே காலி. வாயை மூடியிருக்கும் சின்ன வட்டச் சில்லு தனியாக அதன் பக்கத்திலேயே கிடந்ததாம், அதையும் வைத்தார். "நத்தக்கொத்தி தின்னுட்டுப் போட்டது மக்ளே. உடைக்கவே உடைக்காது. நாம நண்டு தின்னா இலை முழுக்க ஓடு கிடக்கும்லா?" அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். பன்னிரண்டு பேரும் வரப்பில் ஓடு பொறுக்க ஆரம்பித்தார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து கரையில் வருகிற யாரையும் விடுவதில்லை, தாமரை பறிக்கிறவர், மாடு மேய்க்கிற அக்கா, தூண்டில்காரர், எல்லாரிடமும் "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்கிறேன்.

செய்யக்கூடாதவை: போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, படத்துக்காகக் கல்லெறிந்து எழுப்புவது, கூடு இருக்கிற இடத்தை வாட்ஸ்அப்பில் போடுவது, பொரி, பிஸ்கட் போடுவது, ட்ரோன். இதில் கடைசியைப் பெரியவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

குளத்தைச் சுத்தம் செய்யலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் பறவை கூடு கட்டியிருக்கும் சமயத்தில் புதருக்குள் இறங்காதீர்கள், தண்ணீருக்குள் இருக்கும் செடியைப் பிடுங்காதீர்கள், கரையோரக் குப்பையே போதுமான வேலை. முதலில் பொறுக்க வேண்டியது அறுந்த தூண்டில் நரம்பும் நைலான் வலைத் துண்டும், காலில் சுற்றினால் பறவை தப்பாது. சாக்கு நிரம்பியதும் அதை யார் எடுத்துப் போவார்கள் என்பதை முன்னாலேயே பேசி முடிவுசெய்யுங்கள். நாங்கள் ஒரு தடவை பதினான்கு சாக்கு கட்டி வரிசையாக வைத்து, பக்கத்தில் நின்று படமெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தோம், வருகிறேன் என்று சொன்ன வண்டி வரவேயில்லை, இரண்டு வாரத்தில் நாய்கள் சாக்கைக் கிழித்து முன்பைவிடப் பரவலாகப் போட்டிருந்தன. கடைசியில் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து நாங்களே அள்ளினோம்.

வருஷத்தில் சில நாட்களில் பலரும் சேர்ந்து பறவைகளை எண்ணுகிறார்கள், உங்கள் நடையை அதோடு பொருத்திக்கொண்டால் பிள்ளைகள் எழுதுகிற நோட்டுக்கு ஒரு பயனும் இருக்கும். பொங்கலை ஒட்டி நாலு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி 2 உலக ஈரநில நாளும் இருக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் எண்ணி, நேரம், இடம், எண்ணிக்கையை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிட்டால் போதும், வீட்டு மொட்டைமாடியே போதும் என்பதால் வரமுடியாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். செப்டம்பரில் பட்டாம்பூச்சி மாதம், அதற்கு ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், வெயில் ஏறினால்தான் அவை கிளம்பும்.

ஐந்து வயசுக்குக் கீழே உள்ளவர்களும் தாத்தா பாட்டியும் சேர்ந்து வருகிறார்கள் என்றால் தேரூரை விட்டுவிட்டு, தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, நிழல் இருக்கிறது, மான் இருக்கிறது, வாகனப் பயம் இல்லை. உள்ளேயே டி லனாயின் கல்லறையும் இருக்கிறது, குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடமே சேர்ந்த அந்த டச்சுப் படை அதிகாரி 1777-இல் இறந்தார். மான் பார்த்து அலுத்த பெரியவர்களுக்கு அது ஆகும்.

மணக்குடிக்குப் போவதானால் வேலியிறக்க நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். பழையாறு கடலில் சேருகிற இடம், தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும்போதுதான் உள்ளான்கள் மேய வரும். அலையாத்திச் செடிகளின் வேரையும் அப்போதுதான் பக்கத்தில் பார்க்கலாம். பக்கத்து உப்பளங்களில் பவளக்கால் உள்ளான் நிற்கும், வருஷத்தைப் பொறுத்து பூநாரையும் வரும், ஆனால் அது உப்புக்காரர்களின் வேலையிடம், கேட்காமல் வரப்பில் ஏறினால் பாத்தி கெடும்.

காளிகேசம், கீரிப்பாறை என்று மேலே போகும் ஆசையைப் பிள்ளைகள் கூட்டத்தோடு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி. அது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயக் காடு, யானை நடமாடும் இடம், மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் வந்துவிடும்.

திரும்புவதற்கு முன் பைனாகுலர்களை எண்ணுங்கள், பிறகு பிள்ளைகளை எண்ணுங்கள், பத்துப் பத்தாக அல்ல, ஒவ்வொன்றாக. யாரோ ஒருவன் சட்டைப்பையில் நத்தை ஓடு இருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், ஆனால் காலியா என்று ஒருமுறை மோந்து பார்த்துவிடுங்கள்.