அலையாத்திக் காட்டுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் புதிதாக வரும் குழுக்கள் ஆண்டுதோறும் ஒரே தவறுகளைத்தான் செய்கின்றன. குப்பை போடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல்தான் பலருக்குத் தெரிவதில்லை.

வெற்றிடம் கண்டால் கன்று நடுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பேனரோடு வருகிறார்கள், சேற்றில் இறங்குகிறார்கள், மரமில்லாத இடமாகப் பார்த்துச் சுரபுன்னைக் குச்சிகளை, அதாவது அந்த அலையாத்தி மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட நாற்றுகளை, ஊன்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் ஏன் மரமில்லை என்று யாரும் கேட்பதில்லை.

சில இடங்கள் சேற்றுத் திட்டுகள். ஓதம் (கடலின் ஏற்றநீர்) வற்றும்போது உள்ளான் பறவைகள் இரை பொறுக்கும் இடம் அது. அங்கே காடு தேவையே இல்லை. மற்றவை பழைய வெட்டுக் காடுகள். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, காட்டைக் கூறுபோட்டு மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்டுக் காய்ந்த மண் அமிழ்ந்து, நடுவில் தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. ஓதத்தில் உள்ளே வரும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியாகிறது, உப்பு ஏறிக்கொண்டே போகிறது. அங்கே எத்தனை ஆயிரம் குச்சி ஊன்றினாலும் கருகத்தான் செய்யும்.

1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இதற்கு வழி கண்டன. ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டி, முதலில் தண்ணீர் வந்து போக வழிசெய்தார்கள். கன்று அதற்குப் பிறகுதான், அதுவும் ஓதம் நனைக்கும் வாய்க்கால் சரிவில். இந்த வாய்க்கால்கள் வண்டல் சேர்ந்து தூர்ந்துபோகும். ஆகவே உதவ வரும் குழு, நடுவதற்கு இடம் கேட்காமல் தூர்வாரும் வேலை இருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்கட்டும்.

வனத்துறையினரே நடச் சொன்னால், சுரபுன்னை ஓடைக்கரையோரம். உப்பு கூடிய உட்பகுதிக்கு வெண்கண்டல் என்னும் மற்றோர் அலையாத்தி மரம். சுரபுன்னைக் குச்சியின் கூர்முனை கீழே இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குதான் சேற்றுக்குள் போக வேண்டும். துளிர் மேல்முனையில் வருவதால் தலைகீழாக ஊன்றினால் அழுகிவிடும். மரத்திலிருந்து பிடுங்கவே கூடாது. முற்றியது தானே உதிரும்.

மூச்சுவேர்களை மிதிப்பது

வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருப்பவை வெறும் முளைகளல்ல. காற்றில்லாத சேற்றில் கிடக்கும் வேருக்கு அவற்றின் நுண்துளைகள் வழியாகத்தான் காற்று போகிறது. ஒன்றிரண்டு ஒடிந்தால் மரம் தாங்கும். ஒரு கூட்டமே நடந்தால் சேறு இறுகும், நண்டு வளைகள் அடைபடும், வேர் மூச்சுத் திணறும். மேலே சிக்கிய பிளாஸ்டிக் பையும் இதே கெடுதலைச் செய்யும். நடைபாதை இருக்கும் இடத்தில் அதைவிட்டு இறங்காதீர்கள்.

தில்லைக் கிளையை ஒடிப்பது

தில்லையும் இந்தக் காட்டு மரம்தான். அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தேய்க்காமல் நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவும்.

குறுகிய ஓடையில் மோட்டார் படகு

வேண்டாம். அலை கரையை அரிக்கும். துடுப்புப் படகு கேளுங்கள்.