காயும் மரத்தைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருமுனை வேம்பு ஒரு கார்த்திகையில் நுனியெல்லாம் பழுப்பாகி நின்றது. யாரோ மேலே ஏறிக் கொதிநீரை ஊற்றியதுபோல இருந்தது. செல்போன் கோபுரம் வந்ததிலிருந்துதான் இப்படி என்றார் ஒருவர். வேரில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அம்மன் கோபம் என்ற பேச்சும் வந்தது. மூன்றாம் நாள் வெட்ட ஆள் வந்து மரமும் போய்விட்டது. அதே தெருவில் நாலு வீடு தள்ளி, அதே போலக் காய்ந்த இன்னொரு வேம்பை வெட்டக் கூலி கொடுக்க மனமில்லாமல் விட்டுவைத்திருந்தார்கள். பங்குனியில் அது செம்பழுப்பு நிறக் கொழுந்து விட்டு, பூவும் பூத்தது.

முதல் தவறு அந்த அவசரம்தான். வேப்பமரத்துக்கு வந்திருந்தது நுனிக்கருகல் நோய். ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சையால் வருவது. மைசூர் ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் அதைப் புதிய இனமாக விவரித்துப் பெயர் வைத்தார்கள். 2021-இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்புகள் கருகியபோதுதான் பலருக்கு இது தெரியவந்தது. தமிழ்நாட்டிலும் பல இடங்களில் தெரிந்தது. மழையும் ஈரமும் சேரும் மாதங்களில் நுனிக்கிளைகள் காயும், வெயில் காலத்தில் வேகம் அடங்கும். கிளை நுனி செத்தாலும் பெரிய மரத்தின் தண்டும் வேரும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் கோடரிக்கு வேலையில்லை.

அடுத்த தவறு, ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது. பூச்சியா, பூஞ்சையா என்று கேட்டால் வேம்பின் விஷயத்தில் பல சமயம் இரண்டும்தான். தேயிலைக் கொசு என்று ஒன்று உண்டு. பெயரில் கொசு இருந்தாலும் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை. முந்திரி, கொய்யா, முருங்கை வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான எதிரி. மெலிந்த உடல், நீண்ட கால்கள். முதுகில் குண்டூசி குத்தி வைத்ததுபோல ஒரு நீட்சி. அதைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். இளங்கொழுந்தில் ஊசி வாயைக் குத்தி, எச்சில் நஞ்சைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். குத்திய இடம் கறுத்துப் புண்ணாகும், கொழுந்து தலை தொங்கிக் காயும். முட்டையையும் அந்தக் கொழுந்துக்குள்ளேயே செருகிவிடும். முடிபோல இரண்டு இழைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் இல்லாமல் பார்ப்பது கஷ்டம். இப்படி விழுந்த புண் பூஞ்சைக்குத் திறந்த வாசல். பூச்சியை மட்டும் கொன்றால் பூஞ்சை மிச்சம், பூஞ்சைக்கு மட்டும் மருந்தடித்தால் வாசல் திறந்தே கிடக்கும்.

செல்போன் கோபுரத்தைச் சொன்னவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஐரோப்பாவில் எல்ம் மரங்கள் கூட்டம் கூட்டமாக வாடியபோது, போரில் வீசிய நச்சுவாயுதான் காரணம் என்று அங்கேயும் பேசினார்கள். நெதர்லாந்தில் யோஹன்னா வெஸ்டர்டைக் என்ற பேராசிரியரின் மாணவி பியா ஸ்வார்ட்ஸ், 1920களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று காட்டினார். பலர் நம்பவில்லை. 1927-இல் கிறிஸ்டின் பாய்ஸ்மன் அந்தப் பூஞ்சையை நல்ல மரங்களில் செலுத்தி, அதே நோயை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் வாய் அடைத்தது. மரத்துக்கு மரம் அதைச் சுமந்து போவது ஒரு பட்டை வண்டு என்பது பிறகு தெளிவானது. அங்கேயும் பூச்சியும் பூஞ்சையும் கூட்டு. நோயைக் கண்டுபிடித்தவர்கள் டச்சுக்காரர்கள் என்பதற்காக அதற்கு ‘டச்சு எல்ம் நோய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்லது செய்ததற்குக் கிடைத்த பரிசு!

பாய்ஸ்மன்போல நோய்க்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்க, ஆய்வகத்துக்கு மாதிரி எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. மொறமொறவென்று காய்ந்த குச்சியை ஒடித்து, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் கொடுக்கிறோம். அதற்குள் பை வியர்த்து, செத்த மரத்தில் குடியேறும் அத்தனை பூஞ்சைகளும் ஏறியிருக்கும். நோயை உண்டாக்கியது எது, சாவு வீட்டுக்கு வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. எடுக்க வேண்டியது பச்சையும் பழுப்பும் சந்திக்கும் இடம். நோய்ப்பூஞ்சை அந்த எல்லையில்தான் முன்னேறிக்கொண்டிருக்கும். காகித உறையில் போட்டு, அன்றைக்கே கொண்டுபோவது நல்லது. ஆய்வகத்தில் அந்த எல்லையைச் சிறு துண்டுகளாக்கி, மேல்புறத்தைக் கிருமிநீக்கி, பூஞ்சை வளர்ப்பதற்கான, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகர் கூழ்த் தட்டில் வைப்பார்கள். சில நாளில் துண்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுபோலப் பரவும். அதோடு முடிந்தது என்றும் இல்லை. வளர்ந்த பூஞ்சையை நல்ல நாற்றில் செலுத்தி, அதே அறிகுறி வந்து, அதிலிருந்து அதே பூஞ்சை மறுபடி கிடைத்தால்தான் குற்றம் நிரூபணம்.

கண்ணுக்கு மோசமாகத் தெரிவதுதான் பெரிய சேதம் என்று நினைப்பதும் தவறு. இதற்குக் கேரளத்தின் நிலம்பூர் தேக்கைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அங்கே தேக்கின் இலையை இரண்டு புழுக்கள் தின்கின்றன. ஒன்று, மழைக்கால முதல் கொழுந்தை மொட்டையடித்துவிடும். மற்றது வருடக் கடைசியில் முற்றிய இலையைச் சுரண்டி, நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடையாக்கும். காடே தீய்ந்ததுபோல அப்போது தெரியும். கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் கே.எஸ்.எஸ். நாயரும் குழுவினரும் இளம் தேக்குத் தோட்டத்தில் 5 ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். முதல் புழுவிலிருந்து காப்பாற்றிய மரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 6.7 கன மீட்டர் வளர்ந்தன, காப்பாற்றாதவை 3.7 மட்டுமே. கிடைத்திருக்க வேண்டிய வளர்ச்சியில் 44 சதவீதம் புழுவின் வயிற்றில். சல்லடைப் புழுவால் வளர்ச்சியில் குறிப்பிடும்படி இழப்பில்லை. கொழுந்து போனால் மரம் திரும்பச் செலவழித்து இலை விட வேண்டும். வேலை முடித்து உதிரப் போகும் இலை போனால் அவ்வளவாகப் பாதிப்பில்லை. பூச்சிமருந்து விற்பவர் காட்டும் போட்டோ இதைச் சொல்லாது.

சரி, மருந்து. வேம்பு முழுக்கப் பூச்சிக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். அறுபதடி மரத்தின் உச்சிவரை அடிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? பாதி காற்றில் போய்ப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் இறங்கும். அந்த மரத்துப் பூவைத்தான் சித்திரை முதல் நாள் பச்சடியில் போடுகிறோம், இலையைத்தான் அம்மை கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கிறோம். நாற்றங்காலில் சிறு கன்றுகளுக்கு, வேளாண் அலுவலர் சொல்லும் அளவில் அடிப்பது வேறு விஷயம்.

கவாத்து செய்யலாம், செய்யும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். மழை நாளில் வெட்டினால் புது வெட்டுவாய்களில் பூஞ்சை விதை விழும். காய்ந்த இடத்தோடு நிறுத்தாமல், சற்றுக் கீழே பச்சைப் பகுதியில் வெட்ட வேண்டும். கத்தியைத் துடைக்காமல் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது. வெட்டிய குச்சிகளை மரத்தடியிலேயே குவிப்பதுதான் இதில் பெரிய தவறு. அந்தக் குச்சிகளில் கரும்புள்ளிகளாகத் தெரிபவை பூஞ்சை விதைக்கூடுகள். அடுத்த மழைச் சொட்டு தெறித்தால் திரும்ப மேலே.

வேம்பிலிருந்து கொஞ்சம் விலகி ஒன்று. தென்னை, சவுக்கு அடிமரத்தில் பளபளவென்று விசிறிபோல முளைக்கும் காளானைப் பிடுங்கி எறிந்துவிட்டு நோய் போச்சு என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது கானோடெர்மா. தென்னைக்காரர்கள் தஞ்சாவூர் வாடல் என்பது இதைத்தான். காளான் எட்டிப் பார்க்கிறது என்றால் வேருக்குள் அழுகல் எப்போதோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது பக்கத்து மரங்களை. பெரும்பாலும் வேரோடு வேர் உரசித்தான் அது அடுத்த மரத்துக்குப் போகிறது. அந்த இடைவெளியில் அகழி வெட்டுவது அதற்காகத்தான்.

அப்புறம், விதை. வேம்பின் நுனிக்கருகல் பூஞ்சை விதையோடும் போகும். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது நாற்றுக்காகக் கைக்கு எட்டிய மரத்தடியில் பொறுக்குகிறோம். வெயில் காலத்தில் எல்லா மரமும் ஒரே பச்சையாக இருப்பதால், போன மழையில் கருகியது எது என்று அப்போது ஞாபகம் இருக்காது. கொட்டையைச் சேர்த்து வைத்து யோசிக்கவும் வழியில்லை, சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். அதனால் கார்த்திகையிலேயே, கருகாத மரங்களின் அடியில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.