650 வார்த்தைக்குள் உங்களை எழுதுவது எப்படி? குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பிள்ளை நீட்டுக்குப் படித்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதே பிள்ளை அமெரிக்காவில் உதவித்தொகையோடு படிக்கப் போகிறேன் என்றாலோ, சோனிபட்டில் இருக்கும் அசோகா, ஸ்ரீசிட்டியில் இருக்கும் கிரியா மாதிரி தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அப்ளை பண்ணுகிறேன் என்றாலோ சொல்லித்தர ஆள் கிடையாது. மார்க், சான்றிதழ் எல்லாம் ஏற்றிய பிறகு 'உன்னைப் பற்றி எழுது' என்று ஒரு காலிப் பெட்டி வந்து நிற்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அங்கேதான் முழிக்கிறார்கள். இந்தக் குறிப்பு அவர்களுக்கு.

முதலில் அளவுகள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான ஆன்லைன் விண்ணப்பமான காமன் ஆப்பில் ஏழு கேள்வி இருக்கும், ஒன்றை எடுத்து 250-க்கு மேல் 650-க்குள் வார்த்தைகளில் எழுத வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமே தனி. எட்டுக் கேள்வியில் நாலு, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 350 வார்த்தை. எம்ஐடியும் தன் சொந்த விண்ணப்பத்தில் பல சின்னக் கட்டுரைகள் கேட்கும். பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பம், 2026-ல் சேருகிறவர்களில் இருந்து அதன் கட்டுரை மூன்று கேள்வியாக மாறிவிட்டது, மூன்றும் சேர்த்து 4000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்றவை வெளிநாட்டுப் பிள்ளையையும் 'இவர்களால் பணம் கட்ட முடியுமா' என்று பார்க்காமலே தேர்ந்தெடுத்து, பிறகு வீட்டு வருமானத்தைப் பார்த்துத் தேவையான பணத்தைத் தருகின்றன. அதனால் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது எட்டாத விஷயம் என்று நினைக்காதீர்கள். ஆனால் அங்கே விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை, அந்த நூறு பேரில் பெரும்பாலானோர் நல்ல மார்க் எடுத்தவர்கள். மார்க் குறைவாக இருந்தால் எஸ்ஸே வந்து காப்பாற்றாது. மார்க் சரியாக இருந்தால், ஒரே மாதிரி இருக்கிற ஆயிரம் ஃபைல்களில் உங்களை ஒரு ஆளாக எழுந்து நிற்கவைப்பது அந்த ஒன்றரைப் பக்கம்தான்.

அந்தப் பக்கத்தில் சாதனைப் பட்டியலைத் திரும்பப் போடாதீர்கள். காமன் ஆப்பில் அதற்கென்றே பத்துச் செயல்பாடுகள் எழுத இடம் இருக்கிறது, பரிசுகளுக்கு வேறு இடம் இருக்கிறது. படிக்கிறவர் கட்டுரையில் தேடுவது வேறு: இந்தப் பிள்ளை எதைக் கவனிக்கிறது, எதைச் சந்தேகப்படுகிறது, சந்தேகம் வந்தால் என்ன செய்கிறது, தான் நினைத்தது தப்பென்று தெரிந்தால் ஒத்துக்கொள்கிறதா. இது நாலும் தெரியவேண்டும் என்றால் பெரிய விஷயம் எடுத்தால் நடக்காது, கையால் தொட்ட சின்ன விஷயம்தான் வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் எழுத உட்கார்ந்தால் முதல் வரி பெரும்பாலும் முக்கடலும் சங்கமிக்கும் குமரிமுனையில் தொடங்கும், இல்லையென்றால் ஒரு பெரியவரின் பொன்மொழியில். இரண்டையும் அடித்துவிடுங்கள். சூரிய உதயம் பார்க்க ஒருநாள் வந்துபோகிற டூரிஸ்ட்டால் அதை உங்களைவிட நன்றாக எழுத முடியும். டூரிஸ்ட்டுக்குத் தெரியாதது எத்தனையோ இருக்கிறது. சின்னமுட்டத்தில் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடியும். அதே மாவட்டத்தில் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை. ஒரு கரையில் படகு ஓடும்போது இன்னொரு கரையில் கட்டிப் போட்டிருப்பது ஏன், அதனால் மீன் விலை எப்படிப் போகிறது என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்துவைக்கிற பிள்ளையிடம் ஒரு கட்டுரை இருக்கிறது. ஓணத்துக்கு முந்தின வாரம் தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை ஏறி இறங்குவதை அம்மாவோடு நின்று பார்த்த பிள்ளையிடமும் இருக்கிறது.

எனக்கு அப்படி எதுவும் இல்லையே என்பீர்கள். இருக்கும். ஒரு வாரம் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டே வாருங்கள். யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது என்ன? வீட்டில் நான் யாரோடு, எதற்காக வாதாடினேன்? முன்பு நம்பி இப்போது நம்பாதது எது? முதல் மூன்று நாள் சப்பென்றுதான் வரும், அப்புறம்தான் விஷயம் வெளியே வரும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற வீட்டுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். அவள் எழுதுகிற முதல் பிரதி இப்படி இருக்கும்:

'நான் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன். என் அப்பா விடியற்காலையில் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போவார். அவரிடம் இருந்து கடின உழைப்பைக் கற்றுக்கொண்டேன். எதிர்காலத்தில் சிறந்த வேதியியலாளராகி நாட்டுக்குச் சேவை செய்வேன்.'

இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அவளும் இல்லை. அப்பா இருக்கிறார், நாடு இருக்கிறது, அவளைக் காணோம். இப்போது அவளை உட்காரவைத்து, பாலை விற்கும்போது என்ன நடக்கும் என்று கேட்டால் அவள் வேறு கதை சொல்வாள். பாலைக் கடைக்குக் கொண்டுபோனால் எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்துக் காசு தரமாட்டார்கள், அதற்குள் ரப்பர் எத்தனை சதவீதம் என்று, அதாவது டிஆர்சி எவ்வளவு என்று பார்ப்பார்கள். கடைக்காரர் 31 என்று எழுதினார். கடையில் எப்போதும் குறைத்துத்தான் போடுவான் என்பது வீட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை. இவள் என்ன செய்தாள்? கொஞ்சம் பாலை எடுத்து எடை போட்டு, ஒரு தட்டில் ஊற்றி ஆசிட் சேர்த்து உறையவைத்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து நிழலில் உலர்த்தி, திரும்ப எடை போட்டாள். 36 வந்தது. இன்னொரு நாள் செய்தாள், அப்போதும் கூடத்தான் வந்தது. சண்டைக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. போவதற்கு முன்னால் அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நடுவில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது. நன்றாகக் காய்ந்த ஷீட்டில் அந்த வெள்ளை இருக்காது, அப்படியென்றால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, தான் எடை போட்டது ரப்பரோடு தண்ணீரையும் சேர்த்துத்தான். வெள்ளை போகும்வரை காயவிட்டு எடை போட்டபோது கடைக்காரரின் எண்ணை ஒட்டியே வந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னாள். 'சரி, இனி மாசம் ஒருக்க நீயே அளந்து சொல்லு' என்றார் அப்பா.

வித்தியாசம் தெரிகிறதா மக்களே? 'உழைப்பு', 'நேர்மை', 'அறிவியல் ஆர்வம்' என்ற வார்த்தை ஒன்றுகூட வரவில்லை, மூன்றும் படிக்கிறவர் மனதில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஏழை என்று சொல்ல வேண்டியதும் இல்லை. ஐந்து சதவீதத்துக்கு ஒரு வீடே கணக்குப் பார்க்கிறது என்றால் எல்லாருக்கும் புரியும். இதற்குக் கீழே 'இதிலிருந்து நான் கற்ற பாடம்' என்று ஒரு பத்தி சேர்க்கத் தோன்றும், தயவுசெய்து சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் இப்போது அவள் மனதில் ஓடுகிற அடுத்த கேள்வியை எழுதலாம்: மழைக்காலத்தில் அந்த எண் ஏன் இறங்குகிறது, மரமா, பால் பிடிக்கிற சிரட்டையில் விழுந்த மழைத்தண்ணீரா?

கஷ்டத்தை எழுதுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது இப்போது பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்குச் சின்ன வயது. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கம் கடலுக்குப் போய் ஆள் திரும்பாத வீடு பல உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை அப்ளை பண்ணுகிறது என்றால், 'அதை எழுது, கண்டிப்பா சீட் கிடைக்கும்' என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அப்பாவின் சாவை எழுதும் கடமை உங்களுக்கு இல்லை. எழுத வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் எழுதுங்கள், அப்போதும் நடந்தது கால் பங்கு இருந்தால் போதும், மீதி முக்கால் பங்கும் அதற்குப் பிறகு நீங்கள் பார்த்தது, செய்தது, முடிவெடுத்ததாக இருக்கட்டும். எழுத மனமில்லை, ஆனால் அதனால் ஒரு வருஷம் மார்க் குறைந்தது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றால், அதற்குக் காமன் ஆப்பில் தனியே ஒரு பகுதி இருக்கிறது. நாலு வரியில் விஷயத்தை மட்டும் அங்கே சொல்லலாம், இல்லை பரிந்துரைக் கடிதத்தில் ஆசிரியரைச் சொல்லச் சொல்லலாம். அப்பா குடித்தது, வீட்டுக் கடன், அக்கா கல்யாணம் நின்றது, இதெல்லாம் எழுதுவதாக இருந்தால் வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள், அது அவர்கள் கதையும்தான்.

எழுதும் முறை. முதல் பிரதியைத் தமிழில் எழுதுங்கள், அல்லது போனில் ரெக்கார்டை ஆன் பண்ணி தோழியிடம் சொல்வதுபோல் பேசிவிட்டு அதை எழுதி எடுங்கள். ஆங்கிலத்தில் நேராகத் தொடங்கினால், தெரிந்த வாக்கியங்களுக்குத் தகுந்தபடி விஷயம் சுருங்கிப்போகும். பள்ளி ஆண்டு விழா வரவேற்புரை மாதிரி ஒன்று வரும். தமிழில் விஷயம் முழுதும் வெளியே வந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள், வரிக்கு வரி மாற்றாமல் தமிழ்ப் பிரதியை மூடிவைத்துவிட்டு அதே விஷயத்தை உங்களுக்கு வருகிற எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அகராதி பார்த்துப் பெரிய வார்த்தை போட வேண்டாம். சிரட்டை, வள்ளம், மரச்சீனி எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டு, பக்கத்தில் நாலு வார்த்தை விளக்கம் கொடுத்தால் போதும்.

முதல் ஆங்கிலப் பிரதி ஆயிரம் வார்த்தை வந்தால் பயப்படாதீர்கள். முதல் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் குறையாது, ஏனென்றால் அது நீங்கள் சூடாவதற்காக எழுதியது. பிறகு சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையும் தன் பெயரில் எழுதியிருக்கக்கூடிய வரி எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அகப்பட்டதை அடியுங்கள்.

இரண்டு பேரிடம் காட்டுங்கள், ஒருவர் உங்களை நன்றாகத் தெரிந்தவர், இன்னொருவர் தெரியாதவர். 'நல்லா இருக்கா' என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'இதைப் படிச்சா நான் எப்படிப்பட்ட ஆளுன்னு தோணுது?' என்று கேளுங்கள். ஆங்கில ஆசிரியரிடம் இலக்கணத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அன்பினால் அவர் நடையை உயர்த்திவிடுவார், உயர்த்திய பிறகு அது ஐம்பது வயதுக்காரரின் குரலாகிவிடும். காசு வாங்கிக்கொண்டு எழுதித்தருகிறேன் என்கிற ஆட்கள் பக்கமே போகாதீர்கள். ஏஐயிடம் எழுதி வாங்கித் தன்னுடையது என்று கொடுப்பதையும் காமன் ஆப் மோசடிக் கணக்கில்தான் சேர்க்கிறது.

'எங்கள் கல்லூரி ஏன்' என்று பல கல்லூரிகள் தனியே கேட்கிற குட்டிக் கட்டுரையில் ரேங்க்கும் வளாக அழகும் வேண்டாம். அங்கே எந்தப் பாடம், எந்த ஆய்வகம், உங்கள் எந்தக் கேள்விக்காக, அவ்வளவுதான். யூகாஸ் வேறு வகை, அது படிக்கப்போகும் பாடத்தைப் பற்றியே கேட்கிறது. அந்த ரப்பர் பெண் வேதியியலுக்கு அப்ளை பண்ணினால் டிஆர்சி கதை பள்ளிக்கு வெளியே செய்தது பற்றிய மூன்றாவது கேள்வியில் நாலு வரியாகப் போகும். வரலாற்றுக்கு என்றால் அங்கே வேலையில்லை.

கடைசியாகத் தேதிகள். காமன் ஆப் ஆகஸ்ட் 1-ல் திறக்கும், அதற்குள் நோட்டு வேலை முடிந்திருந்தால் நிம்மதி. முன்கூட்டியே அப்ளை பண்ணுகிறவர்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி. 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் அது, இங்கே உள்ளூர் விடுமுறை, ஸ்கூல் ஆபீஸ் திறந்திருக்காது, மழைக்காலம் வேறு. பள்ளியில் இருந்து போக வேண்டிய மார்க் விவரமும் கடிதமும் தலைமையாசிரியரின் மெயிலுக்கு வரும் இணைப்பு வழியாகத்தான் ஏறும். நம் பள்ளிகள் பலவற்றில் அதற்கென்று கவுன்சிலர் இல்லை, அந்த மெயில் ஸ்பாமில் கிடப்பதும் சகஜம், அதனால் அக்டோபர் நடுவிலேயே நேரில் போய் உட்கார்ந்து ஏற்றவைத்துவிடுங்கள். சாதாரணச் சுற்றுக்கு ஜனவரி முதல் நாட்கள் என்றால் இடையில் கிறிஸ்துமஸ் விடுமுறை இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே பள்ளி வேலையை முடித்துக்கொண்டால், விடுமுறையில் கட்டுரையை மட்டும் பார்த்தால் போதும். பெட்டியில் ஒட்டிய பிறகு பிரிவ்யூவைத் திறந்து, பத்தி பிரிந்திருக்கிறதா, கடைசி வரி வெட்டுப்படாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு சப்மிட்டை அழுத்துங்கள்.