பேச்சொலியைக் கணினியில் ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மட்டக்களப்பு’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதன் என்ற நிரல்மொழியிடம் கேட்டால் 12 என்று சொல்லும். நாம் எண்ணும் எழுத்துகள் 8. வாயில் வரும் ஒலிகள் 13, இரட்டிக்கும் மெய்யை இரண்டாகக் கொண்டால். பைதன் எண்ணுவது கணினி எழுத்துமுறையான யுனிகோட்டின் குறியீடுகளை; அதில் புள்ளிக்குத் தனிக் குறியீடு உண்டு, மெய்யோடு சேர்ந்த அகரத்துக்குக் குறியீடே கிடையாது. அந்த 12-ஐ ஒலியென்று நம்பித் தொடங்கினால் பின்னால் வரும் அட்டவணை எல்லாம் பிழைதான்.

‘கொ’வை ஒருவர் ஒரே உயிர்க்குறியாகவும் இன்னொருவர் கொம்பும் காலுமாகவும் தட்டியிருப்பார். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கோ வேறுவேறு. எண்ணுமுன் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இரண்டையும் ஒரே குறியாக்கும் யுனிகோட் வடிவத்துக்கு, மாற்றுங்கள். ‘கௌ’வில் ளகரத்தைத் தட்டியிருந்தால் அதனாலும் திருந்தாது, தேடித்தான் திருத்த வேண்டும்.

கல், பங்கு, பகல் மூன்றிலும் ககரம் ஒன்று, ஒலி மூன்று. இதற்கு விதி எழுதலாம்: முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்தின் பின் அதிர்வொலி, உயிர்களுக்கிடையே தளர்ந்த ஒலி. ஆனால் அதே விதி ‘பஸ்’ஸையும் ‘பல்’ போலத் தொடங்கவைக்கும். கடன்சொற்களுக்குத் தனிப்பட்டியல் அவசியம்.

செய்திகளை அள்ளிப்போட்டு ‘மட்டக்களப்புப் பேச்சு’ என்று பெயரிடாதீர்கள். எழுதுவது வேறு, கதைப்பது வேறு. அதோடு, ‘என்று’ திரும்பத் திரும்ப வருவதால் ன்ற என்ற மெய்ம்மயக்கம் (மெய்கள் அடுத்தடுத்து வருவது) மிகப் பெருகித் தோன்றும். ஒவ்வொரு சொல்லையும் ஒருதரம் மட்டும் எண்ணிய கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்.

ஒலிப்பதிவு 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாக இருக்கட்டும்; வாட்ஸ்அப் குரல்பதிவில் நுண்ணொலி சிதைந்துவிடும். காற்றாடியை நிறுத்துங்கள். பிராட் என்ற ஒலியாய்வு மென்பொருளில் ஃபோர்மன்ட் (உயிரொலியை இனங்காட்டும் ஒத்ததிர்வு) தேடும் உச்சவரம்பு ஆண்குரலுக்கு 5000, பெண்குரலுக்கு 5500 ஹேர்ட்ஸ் என்று வைப்பது வழக்கம். எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் உயிரொலிகள் இடம்மாறி விழும்.

ஒலியெல்லையைத் தானாகக் குறிக்கும் கருவிகளில் மிகுந்த கவனம் தேவை. ஒவ்வொரு ஒலியையும் மூன்று நிலைகளாகப் பிரித்து, நிலைக்கு ஒரு 10 மில்லிசெக்கன் துண்டாவது கொடுத்து ஓடும் கணினி மாதிரி எந்த ஒலிக்கும் 30 மில்லிசெக்கனுக்குக் குறைவாகக் கொடுக்காது. ‘பேச்சு’ என்பதன் குற்றியலுகரம் கேளாமலே போனாலும் 30 என்றுதான் எழுதிவைக்கும். சரியாக 30 வந்த இடங்களையெல்லாம் அலைப்படத்தில் கண்ணால் பாருங்கள்.

ஒலியை இனங்காணக் கணினி மாதிரியைப் பயிற்றும்போது, மட்டக்களப்புக் கல்லடியில் ஒருவர் சொன்ன 200 வாக்கியங்களில் 160-ஐப் பயிற்சிக்கும் 40-ஐச் சோதனைக்கும் பிரித்தால் மதிப்பெண் அழகாக வரும், மாதிரி கற்றதோ அவர் குரலை. ஆள்வாரியாகப் பிரியுங்கள்: வாவியின் கிழக்கே எழுவான்கரையில் பயிற்றியதை மேற்கே படுவான்கரையில், காத்தான்குடியில் பயிற்றியதை அக்கரைப்பற்றில் சோதியுங்கள்.