ஜைனிச்சி இலக்கியத்தில் குற்றம்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1945-இல் போர் முடிந்தபோது ஜப்பானில் ஏறத்தாழ 20 லட்சம் கொரியர்கள் இருந்தனர். தாயகம் திரும்பாமல் தங்கிவிட்ட சுமார் 6 லட்சம் பேரையும் அவர்களின் வழிவந்தோரையும் ‘ஜைனிச்சி’ என்கின்றனர். அவர்களைப் பற்றிய கதைகளில் குற்றம் அடிக்கடி இடம்பெறுகிறது.

அவற்றை வாசிப்போர் முதலில் செய்யும் தவறு, எது குற்றம் என்பதை யார் வகுத்தார்கள் என்று கேட்காமல் விடுவது. 1952 ஏப்ரலில் ஜப்பானியக் குடியுரிமையை இழந்த இம்மக்கள், வெளிநாட்டினர் பதிவு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தெருவில் நடந்தாலே தண்டனைக்கு உள்ளாக நேர்ந்தது. ஒசாகாவில் குண்டுவீச்சில் தரைமட்டமான ராணுவத் தளவாட ஆலையின் இடிபாடுகளில் இரவோடிரவாகப் பழைய இரும்பு பொறுக்கிப் பிழைத்தவர்கள், சட்டத்தின் பார்வையில் அரசுச் சொத்தைத் திருடியவர்கள். இதே களத்தை 1959-இல் ஜப்பானியரான தகேஷி கைகோவும், 1994-இல் ஒசாகாவில் பிறந்த ஜைனிச்சி எழுத்தாளர் யாங் சோகிலும் நாவலாக்கினர். இரு நாவல்களையும் படிக்காமல் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, நாவலை வழக்குக் கோப்பாகப் படிப்பது. 1958-இல் தோக்கியோவின் கொமத்சுகாவா பள்ளி மாணவி ஒருவரைக் கொன்றதற்காகக் கைதான 18 வயது ஜைனிச்சி இளைஞர் இ ஜின்-ஊ, அன்றாட வாழ்வில் கனேகோ ஷிஸுவோ என்ற ஜப்பானியப் பெயரில் அறியப்பட்டவர், 1962-இல் தூக்கிலிடப்பட்டார். இந்த வழக்கிலிருந்து ஜப்பானிய எழுத்தாளர் கென்ஸபுரோ ஓயே எழுதி 1963-இல் நூலாக வந்த ‘சகேபிகோஎ’ (‘அலறல்’) நாவலில், கொலை செய்யும் இளைஞன் கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவன்; இ-யின் பெற்றோரோ இருவருமே கொரியர்கள். எங்கும் ஒட்டாமல் நிற்கும் இளைஞர்களைப் பற்றிய தம் கவலைக்காக ஓயே செய்த மாற்றம் இது என்பது என் கருத்து. இதை அறியாமல் அந்த நாவலை ஜைனிச்சி வாழ்வின் சாட்சியமாக மேற்கோள் காட்டும் கட்டுரைகள் தடுமாறுகின்றன.

இனப் பாகுபாட்டையே கொலைக்கு முழுக் காரணமாக்குவது, பரிவோடு வாசிப்போர் செய்யும் தவறு. கொரியர் என்பதால் இ-க்கு வேலை மறுக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் சிறையிலிருந்து அவர் பாக் சு-நாம் என்ற ஜைனிச்சிப் பெண்ணுக்கு எழுதிய கடிதங்களில், தம் செயலை அந்தக் கணக்கில் எழுதிவிட அவர் எளிதில் இசையவில்லை. கொரியப் பெயரை ஏற்றபோதும், செய்தது தாமே என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. (கொல்லப்பட்ட மாணவி இந்த விவாதங்களில் பெரும்பாலும் காணாமலே போய்விடுகிறார்.)

1968-இல் கிம் ஹி-ரோ என்ற ஜைனிச்சி மலைவிடுதி ஒன்றில் பிணைக்கைதிகளுடன் 88 மணிநேரம் இருந்து, கொரியரை இழிவாகப் பேசிய காவலர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோரியதை எழுதுவோரும் இதே வழுக்கலில் கால்வைக்கின்றனர். அதற்கு முன் ஷிமிசுவில் அவர் இரு குண்டர்களைச் சுட்டுக்கொன்றது கடன் தகராறில். கோரிக்கை நியாயமானது என்பதற்காக அந்தக் கடனைக் கதையிலிருந்து நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு பதாகைதான், மனிதர் அல்லர்.