நோய்க்காகவா, வியாபாரத்துக்காகவா? இறைச்சித் தடையை அலசிப் பார்ப்பது எப்படி

ஏதாவது ஒரு நாடு வெளிநாட்டு இறைச்சியைத் தடை செய்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். மக்களின் உடல்நலத்துக்காக என்று ஒன்று, உள்ளூர்ப் பண்ணைக்காரர்களைக் காப்பாற்றத்தான் என்று இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும், எது எவ்வளவு என்பதுதான் விஷயம். அதைப் பிரித்துப் பார்க்கப் பழக, அமெரிக்கப் பன்றி இறைச்சியில் டிரிக்கினா என்ற புழு இருக்கிறது என்று சொல்லி அதற்கு 1879 முதல் இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று வரிசையாக ஐரோப்பிய நாடுகள் போட்ட தடை போதும். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் உத்தரவில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 1880இல் ஜெர்மனி தடுத்தது அமெரிக்காவிலிருந்து வரும் கொத்துக்கறியையும் சாசேஜையும் மட்டும்தான். அரைத்துக் கலந்த கறியைச் சோதிப்பது கஷ்டம் என்பதால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. 1883இல் அமெரிக்கப் பன்றி இறைச்சி மொத்தத்துக்கும் கதவைச் சாத்தினார்கள். தடை இப்படி அகலமாகும்போது, நடுவில் புதிதாக என்ன ஆபத்து தெரியவந்தது என்று கேளுங்கள், ஒன்றும் இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

சரி, நோய் நிஜமா? இந்தக் கேள்வியை அவசரப்பட்டுத் தாண்டிவிடக் கூடாது, ஏனென்றால் "எல்லாம் சும்மா சாக்கு" என்று சொல்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். டிரிக்கினா என்பது பன்றியின் தசைக்குள் சுருண்டு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத புழு, அது மனிதனைக் கொல்லும் என்று 1860இல் டிரெஸ்டன் நகரில் சென்கர் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். 1865இல் ஜெர்மனியின் ஹெடர்ஸ்லேபன் என்ற சின்ன ஊரில் 337 பேர் படுத்தார்கள், 101 பேர் செத்தே போனார்கள். நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும், ஆனால் ஜெர்மானியர்களுக்குப் பன்றிக் கொத்துக்கறியைப் பச்சையாகவே உப்பு, மிளகு போட்டுச் சாப்பிடும் பழக்கம் உண்டு. ஆக பயம் பொய்யில்லை.

அடுத்த கேள்வி, உள்ளூர்ச் சரக்குக்கும் அதே கெடுபிடியா? இதில் ஜெர்மனிக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் வெட்டிய பன்றியைச் சோதிப்பதற்கென்றே பெரிய படையே இருந்தது. உதரவிதானத் தசை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மாதிரியான இடங்களிலிருந்து ஓட்ஸ் மணி அளவுக்குத் துணுக்குகளை வெட்டி, இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் வைத்துத் திருகாணியை முறுக்கி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அப்படியென்றால் துறைமுகத்தில் வந்து இறங்கும் அமெரிக்கச் சரக்கையும் அதே கண்ணாடிக்கு நடுவில் வைத்துப் பார்த்திருக்கலாமே? உள்ளூர்ப் பன்றிக்குச் சோதனை, வெளியூர்ப் பன்றிக்குத் தடை என்று விதி இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான் வியாபாரம் உள்ளே நுழைகிறது.

அப்புறம் காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 1879இல்தான் ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் தானியத்துக்கும் இரும்புக்கும் இறக்குமதி வரி போட்டார், பெரிய நிலக்கிழார்கள் அவர் பின்னால் நின்றார்கள், சிகாகோவிலிருந்து வந்த பன்றிக்கறியோ விலை மலிவு. இறைச்சித் தடை வந்தது அடுத்த வருஷமே. அக்கம்பக்கத்தையும் கவனியுங்கள்: 1887இல் டென்மார்க்கிலிருந்து வரும் உயிருள்ள பன்றிகளையும் ஜெர்மனி நிறுத்தியது. டேனிஷ் விவசாயிகள் உட்கார்ந்து அழவில்லை, அதே வருஷம் ஹோர்சென்ஸ் ஊரில் கூட்டுறவு இறைச்சிக்கூடம் ஆரம்பித்து, பன்றியை பேக்கனாக்கி (உப்பிட்டுப் பதப்படுத்திய கறி) பிரிட்டனுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அந்த பிரிட்டனோ அமெரிக்கப் பன்றிக்கறிக்குத் தடையே போடவில்லை. ஒரே சரக்கைப் பக்கத்து நாடு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தடையின் எல்லை நோயின் எல்லையோடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1930 வரிச் சட்டம், கோமாரி நோய் உள்ள நாடுகளின் பச்சை இறைச்சியைத் தடுத்தது, அதாவது அர்ஜென்டினாவின் தெற்குப் பகுதியான, நோய் இல்லாத படகோனியாவின் இறைச்சியும் மற்ற பகுதிகளோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. நோயற்ற பகுதிக்கு மட்டும் விலக்கு தரலாம் என்று 1935இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன, அமெரிக்க செனட் கடைசிவரை ஒப்புதல் தரவே இல்லை.

எனக்குக் கேட்டால் எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி, தடை எப்படி நீங்கியது என்பதுதான். அமெரிக்கா 1890, 1891இல் இறைச்சிச் சோதனைச் சட்டங்கள் கொண்டுவந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. புதிய வரிச் சட்டத்தைக் காட்டி, ஜெர்மனியின் பீட்ரூட் சர்க்கரைக்கு வரி போடாமல் இருக்க வேண்டுமானால் எங்கள் பன்றிக்கறியை உள்ளே விடுங்கள் என்று பேரம் பேசியது. 1891 செப்டம்பரில் ஜெர்மனி தடையை எடுத்தது. புழுவுக்காகப் போட்ட தடை சர்க்கரைக்காக எடுபடுகிறது என்றால் என்னவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் எல்லாத் தடையும் நாடகமாகத் தோன்றும். 1996 மார்ச்சில் மாடுகளின் மூளையை அழிக்கும் மேட் கவ் நோய்க்கும் மனிதர்களின் மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசே அறிவித்தது, ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டன் மாட்டிறைச்சியைத் தடுத்தது. பிரிட்டனும் தன் மக்களுக்கே 30 மாதத்துக்கு மேற்பட்ட மாட்டின் கறியை விற்க விடவில்லை. இந்தத் தடை சோதனையில் தேறுகிறது. 1999இல் நிபந்தனைகளோடு ஒன்றியம் தளர்த்திய பிறகும் பிரான்ஸ் மட்டும் 2002 வரை பிடிவாதம் பிடித்தது, நடுவில் 2001இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பும் கொடுத்தது. ஒரே தடை முதலில் நியாயமாகவும் பின்னால் வேறாகவும் இருக்க முடியும், அதனால் வருஷவாரியாகப் பாருங்கள்.

கடைசியாக, தடை போன பிறகு அந்த இடத்தில் என்ன வந்தது என்று பார்க்காமல் ஃபைலை மூடாதீர்கள். 1891 இறுதியில் பிரான்ஸ் தடையை நீக்கிவிட்டு இறக்குமதி வரியைப் பலமாகப் போட்டது. அமெரிக்காவோ சிகாகோவில் மைக்ராஸ்கோப்புகளை வரிசையாக வைத்து, சோதனை கேட்கும் நாடுகளுக்குப் போகும் பன்றிக்கறியை மட்டும் பார்த்து அனுப்பியது, சொந்த மக்கள் வாங்கும் கறிக்கு அந்தச் சோதனை கிடையாது.